'பரியா நாடு' என்று எழுத வேண்டாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் வெளியுறவுக் கட்டுரையில், மற்ற நாடுகள் ஒதுக்கிவைத்த ஒரு நாட்டைப் 'பரியா நாடு' என்று எழுதியிருந்தீர்கள். அதே இதழில் தெருநாய்கள் பற்றிய குறிப்பில் 'பரியா நாய்'. ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே போட்டிருப்பார்கள், சரி. ஆனால் அந்தச் சொல் இங்கிருந்து போனதுதானே? பறையர் என்ற பெயரை 17-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் தங்கள் வாய்க்கு வந்தபடி மாற்றிக்கொண்டார்கள். பிற்பாடு ஒதுக்கப்பட்ட யாருக்கும் எதற்கும் அதையே பெயராக்கிவிட்டார்கள். அதைத் தமிழிலும் எழுதினால், நம் பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயரை வசையாக அச்சடிக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

பறை என்ற தோற்கருவியிலிருந்து வந்த பெயர் என்பார்கள். இந்த மக்களில் பெரும்பாலோர் வயலில் உழைத்தவர்கள், எல்லாரும் பறையடித்தவர்கள் அல்லர் என்று மறுப்பவர்களும் உண்டு. எங்கள் குமரி மாவட்டத்தில் பறைவது என்றால் பேசுவது, "அவன் என்ன பறஞ்சான்?" என்று பெரியவர்கள் இன்றும் கேட்பார்கள். எந்த வழியில் போனாலும் வேரில் இழிவு இல்லை. புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கைத் தவிர வேறு குடியே இல்லை என்கிறார்.

இழிவைப் பின்னால் வந்தவர்கள் ஏற்றினார்கள். திருவிதாங்கூரில் 1855-இல் அடிமை முறை ஒழியும்வரை இந்த மக்களை விலைக்கு வாங்கி விற்றார்கள். எங்கள் பக்கம் சாம்பவர் என்று சொல்லப்படும் அதே குலத்தில் பிறந்தவர்தான் மயிலாடி வேதமாணிக்கம். 1806-இல் கிறிஸ்தவ மிஷனரி ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்கு வந்தது அவர் அழைத்துத்தான்.

இந்த மக்களின் தலைவர்களில் ஒருவரான இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். அவர்களின் இன்னொரு தலைவரான எம்.சி. ராஜாவோ 1922-இல் சென்னை சட்டசபையில், அரசு ஆவணங்களில் அந்தப் பெயருக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று எழுதத் தீர்மானம் கொண்டுவந்தார். சூடிக்கொள்வதும் விடுவதும் அவர்கள் உரிமை. வெளியுறவுக் கட்டுரை எழுதுபவருக்கு அதில் என்ன வேலை?

அண்மையில் நாகர்கோவிலில் ஒரு விழாவில் கல்லூரிப் பெண்கள் பறையை வைக்கோல் தீயில் காட்டி, தோல் விறைத்ததா என்று விரலால் தட்டிப் பார்த்துவிட்டு அடித்தார்கள். நின்று கேட்ட எங்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்தப் பெண்களும் உங்கள் இதழைப் படிப்பார்கள் ஐயா.

'ஒதுக்கப்பட்ட நாடு', 'தெருநாய்' என்று எழுத நம்மிடம் சொல் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களிடமும் மெய்ப்புப் பார்ப்பவர்களிடமும் தயவுசெய்து சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மயிலாடி, குமரி மாவட்டம்