முறிந்தது ஊசிதான்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கை முறிந்துவிட்டதா, பேனா முறிந்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். முறிந்தது ஊசிதான், அதுவும் நான்கு. இவ்வளவு நாள் எழுதாததற்கு அதையே சாக்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், காற்றில் ஈரப்பசையே இல்லாததுதான் கொடுமை. கம்பளிச் சட்டையைக் கழற்றினால் படபடவென்று பொறி பறக்கிறது. பஞ்சுத் தூசி கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது.

மேல்வீட்டம்மா அப்படியேதான் இருக்கிறார். பார்த்தால் சிரிக்கமாட்டார். முறிந்த ஊசிகளை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறார், எண்ணிக்கையோடு! என் அறைக்குப் பக்கத்தில்தான் அவருடைய குயில்ட் மெஷின், அதாவது பஞ்சு வைத்த போர்வை தைக்கிற மெஷின், நிற்கிறது. இரவில் அதில் தைத்துக் கொடுக்கிறேன். பொழுது போகவேண்டுமே என்றுதான், வேறொன்றும் இல்லை. அம்மாவிடமும் அப்படியே சொல்.

அந்த மெஷினை நீ பார்க்கவேண்டும். நாம் மெஷினை நிறுத்திவைத்துத் துணியை நகர்த்துகிறோம். இதில் துணி நீளமான சட்டத்தில் உருளைகளில் சுற்றிக்கொண்டு கிடக்கும், மெஷின்தான் சக்கரத்தில் ஓடும். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு வளைத்து வளைத்துத் தைக்கவேண்டும். துணியைத் தள்ளும் பல் கிடையாது. கை வேகமாகப் போனால் தையல் நீளும், தயங்கினால் குறுகும்.

போன மாதம் முழுவதும் நூல் அறுந்துகொண்டே இருந்தது. இரண்டு சாண் தைப்பதற்குள் ஒருமுறை. நான் செய்த முதல் முட்டாள்தனம், மேல்நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகைத் திருகியது. தளர்த்தினால் வளைவுகளில் அடிப்பக்கம் கண்ணிமை முடிபோல நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. இறுக்கினால் அடியிலிருந்து வரும் பாபின் நூல் மேலே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தது, பிறகு பட்டென்று அறுந்தது. மூன்று இரவு இப்படி. தைத்த நேரத்தைவிடப் பிரித்த நேரமே அதிகம்.

நூலைத் திட்டுவதற்கு முன்னால் ஊசியைப் பார் என்று நீ சொல்வாயே, அது நான்காவது இரவில்தான் ஞாபகம் வந்தது. தடித்த பருத்தி நூலை மெல்லிய 14ஆம் எண் ஊசியில் கோத்திருக்கிறேன்! ஊசிக் காதில் உரசி உரசி நூல் சிலும்பாகிவிட்டது. அதைவிடப் பருமனான 18க்கு மாற்றினேன். சிலும்புவது நின்றது, அறுவது நிற்கவில்லை. ஆனால் இப்போது ஒரு திசையில் போகும்போது மட்டும் அறுந்தது.

அதற்குக் காரணம் நான் துணியைக் கட்டியிருந்த விதம். மத்தளம்போல விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் சுருக்கம் விழாது என்று நினைத்திருந்தேன். உள்ளே இறங்கிய ஊசியை விறைத்த துணி ஒரு பக்கமாக இழுத்து வளைத்துவிடுகிறது. அடியில் சுழன்று மேல்நூலைப் பிடிக்கிற ஷட்டில் முனைக்கு நூல் சிக்குவதில்லை, தையல் விட்டுப்போகிறது, ஊசியும் முறிகிறது. அடியிலிருந்து ஒரு விரலால் துணியைத் தூக்கினால் மேலே இருக்கும் கை அதைப் பிடிக்கமுடிகிற அளவுக்குத் தளர்த்தினேன். பாதித் தொல்லை அதோடு ஒழிந்தது.

மீதிக்கு மேல்வீட்டம்மாவே இறங்கி வந்தார். கையில் ஒரு பழைய நைலான் காலுறை. ஒரு வார்த்தை பேசாமல் அதை ஊசி இறங்கும் பிளேட் துளையிலும் ஷட்டில் மீதும் தடவினார். துளையின் ஓரத்தில் காலுறை மாட்டிக்கொண்டது. முறிந்த ஊசி போட்ட கீறல். மிக நைசான உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்தோம். "நான்கு ஊசி" என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். எதற்கு எழுதினார் என்று நீ கேட்கவேண்டாம்.

கடைசியாகத்தான் அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் சின்னக் கூடு, பாபின் கேஸ். அதன் தகட்டுக்கு அடியில் பஞ்சுத் தூசி அடைந்திருந்தது, கெட்டிக் காகிதத்தின் ஓரத்தால் எடுத்தேன். பிறகு உள்ளங்கையில் வைத்து நூலைப் பிடித்துத் தூக்கினேன். கேஸ் எழுந்து நிற்கவேண்டும், கையைவிட்டுக் கிளம்பக்கூடாது. கிளம்பியது. கேஸின் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தினேன், நின்றது. "சரியா அக்கா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டுத் திரும்பிவேறு பார்த்தேன். அறையில் விளக்கும் சுவரும்தான். அதற்குப் பிறகு அன்றைக்குத் தைக்கவில்லை.

சரி, அதை விடு. வீட்டுப் பத்திரத்தில் என் கையெழுத்து வேண்டும் என்று பெரியப்பா எழுதியிருக்கிறார். நீ படித்துப் பார்க்காமல் எதையும் எனக்கு அனுப்பாதே. அம்மா கண் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. சின்னவன் படிப்புக்கான பணம் இந்த மாதம் ஒரு வாரம் பிந்தும், அத்தானிடம் பக்குவமாகச் சொல். எனக்குக் கஷ்டம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

உன் பழைய மெஷினை விற்கப்போவதாக எழுதியிருந்தாயே, அது என்ன பேச்சு? வார் தேய்ந்திருக்கும், மாற்றினால் ஓடும். யாராவது விலை கேட்டு வந்தால் நூல் அறுகிறது என்று சொல்லி அனுப்பிவிடு.

உன் அன்புத் தங்கை