என் கடை கம்ப்யூட்டரில் இருக்கும் எகிப்து

சேலம் மாவட்டத்துச் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினான்கு வருடமாகிறது. பாடம் நடத்துவது பற்றி உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் நீங்கள் கொடுக்கிற ப்ராஜெக்ட் உங்கள் மேசைக்கு வருவதற்கு முந்தின ராத்திரி என் கடையில்தான் பிறக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கடை கம்ப்யூட்டரில் 'சோஷியல்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. எகிப்து பத்துப் பக்கம், சீனப் பெருஞ்சுவர் எட்டுப் பக்கம், மாயா நாகரிகம், ஆப்பிரிக்கப் பழங்குடிகள். எப்போதோ ஒரு பையன் பென் டிரைவில் கொண்டுவந்தது, அப்படியே தங்கிவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு அப்பா வண்டியை அணைக்காமலே கேட்பார்: "அண்ணா, உலகப் பண்பாடுன்னு ஏதாவது இருக்கா? காலைல குடுக்கணுமாம்." இருக்கிறது. பெயரை மாற்றி, முதல் பக்கத்துக்குப் பூ பார்டர் போட்டு, ஸ்பைரல் அடித்துக் கொடுத்துவிடுவேன். ஒரே வகுப்பில் ஏழு பேருக்கு அதே எகிப்தைக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்றுக்குப் பெயர் மாற்ற மறந்து, வேறொரு பையன் பெயரோடு போய்விட்டது. அதுவும் சிவப்பு மையில் 'குட்' வாங்கித் திரும்பி வந்தது. இப்போது சில பிள்ளைகளுக்கு அந்த ஃபோல்டரும் தேவையில்லை, செல்போனே ஒரு நிமிடத்தில் எழுதித் தந்துவிடுகிறது. பிரிண்ட் மட்டும் என்னிடம்.

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. எமிஸ் என்கிற பள்ளி விவர இணையதளத்தில் பதிவு, தேர்தல் வேலை, அதற்கு நடுவில் ஒரு வகுப்புக்கு நாற்பது நோட்டு. யாரால் படிக்க முடியும்?

இரண்டு வருடத்துக்கு முன் எட்டாவது படிக்கிற ஒரு பெண் வந்தாள். தலைப்பு 'ஆப்பிரிக்கப் பண்பாடு'. ஆப்பிரிக்கா ஒரு கண்டம் என்பதையே அந்தத் தலைப்பு மறந்துவிட்டது, அது இருக்கட்டும். நெட்டில் படம் தேடிக்கொண்டிருந்தபோது நைஜீரியாவில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தியால் ஏதோ கிழங்கு உரிக்கிற படம் வந்தது. "அண்ணா, நிறுத்துங்க. இது குச்சிக்கிழங்கு. எங்க அம்மா இப்படித்தான் உரிப்பாங்க" என்றாள். குச்சிக்கிழங்கு என்றால் மரவள்ளி. அவள் அப்பா, அம்மா இரண்டு பேருக்குமே அந்தக் கிழங்கு மாவில் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஃபேக்டரியில் வேலை.

அன்றைக்குக் கடையில் கூட்டம் இல்லை. இரண்டு பேருமாகப் படித்தோம். அங்கே கிழங்கைத் துருவி, சாக்கில் கட்டி, மேலே பாரம் வைத்துச் சில நாள் புளிக்க விட்டு, அப்புறம் பெரிய சட்டியில் வறுத்து 'காரி' என்று ஒரு மாவு செய்கிறார்கள். எதற்கு இவ்வளவு பாடு என்று எங்களுக்குப் புரியவில்லை. மறுநாள் அவளே பதில் கொண்டுவந்தாள். அப்பா சொன்னாராம்: "குச்சிக்கிழங்குத் தழையைத் தின்னு நம்ம ஆடு செத்துச்சே, மறந்துட்டியா?" தழையிலும் கிழங்கிலும் சயனைடு விஷம் உண்டு, கசப்பு வகையில் அதிகம். துருவுவது, பிழிவது, புளிக்க விடுவது, வறுப்பது எல்லாம் விஷம் இறக்கும் வழிகள். அமேசான் காட்டு மக்கள் இதற்கென்றே நீளமான குழாய் மாதிரி ஒரு பை பின்னி, துருவிய கிழங்கை அதில் திணித்துத் தொங்கவிட்டு இழுத்துச் சாற்றைப் பிழிகிறார்கள். செடியே அந்தப் பக்கத்துச் செடிதான். போர்ச்சுக்கீசியர் கப்பலில் ஆப்பிரிக்காவுக்குப் போனது. நம் பக்கத்தில் திருவிதாங்கூரில் 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் குச்சிக்கிழங்கு மாவில் செய்ய ஆரம்பித்தார்கள். அதற்கு முன் வந்தது பனை மாதிரி ஒரு மரத்தின் தண்டிலிருந்து எடுத்த ஜவ்வரிசி.

அந்தப் பெண் நான்கு பக்கம் கையால் எழுதினாள். கிழங்கு லாரி வந்ததும் 'பாயிண்ட்', அதாவது மாவுச்சத்து அளவு, பார்த்து விலை போடுவது, தொட்டியில் கிழங்குப் பால் தெளிவது, பிழிந்த சக்கையான திப்பி மாட்டுக்குப் போவது, களத்தில் காயும்போது மழை வந்தால் எல்லோரும் ஓடுவது, எல்லாம் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் நைஜீரியா. கடைசியில் "சொன்னவர்: என் அப்பா" என்று போட்டிருந்தாள். பத்துக்கு ஐந்து. கலர் படம் இல்லையாம், தலைப்பை விட்டு விலகிவிட்டதாம். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். எந்தப் பள்ளியிலும் நடக்கக்கூடியதுதான். அதே வாரம் என் எகிப்து ஒன்பது வாங்கியது.

என் கோரிக்கை இதுதான். தலைப்புக் கொடுக்காமல் கேள்வி கொடுங்கள். 'எகிப்து' என்றால் என்னிடம் ஃபைல் இருக்கிறது. 'மராத்தி வீடுகளில் விரத நாளில் அரிசி சாப்பிடாமல் நம்ம ஊர் ஜவ்வரிசியில் கிச்சடி செய்கிறார்களே, தென் அமெரிக்காக் கிழங்குக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது?' என்று கேட்டால் என்னிடம் ஒன்றும் இல்லை. பிள்ளை சேகோ ஏலம் எடுக்கிற யாராவது ஒரு வியாபாரியிடம் போய் நின்றுதான் ஆக வேண்டும். ஏற்காட்டுப் பிள்ளைகளுக்குக் காபி இருக்கிறது. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் மலையில் காபி போட வைத்தார் என்பது புத்தகத்தில் வரும். எத்தியோப்பியாவில் விருந்தாளி முன்னால் பச்சைக் கொட்டையை வறுத்து, இடித்து, மூன்று சுற்று ஊற்றுவார்கள். எஸ்டேட்டில் பழம் பறிக்கிற பாட்டி வீட்டில் என்ன குடிக்கிறார்? அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

பிள்ளை ஒரு ஆளிடமாவது கேட்டிருக்க வேண்டும், யார் சொன்னது என்று எழுதியிருக்க வேண்டும், புத்தகமும் ஆளும் மாறிச் சொன்னால் இரண்டையும் எழுதியிருக்க வேண்டும். மார்க்கை அதற்கு வையுங்கள். நாற்பது நோட்டையும் படிக்க வேண்டாம், எழுந்து நிற்க வைத்து ஒரு கேள்வி கேட்டால் போதும், தெரிந்துவிடும்.

இன்னொன்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். 'பழங்குடிகள்' சார்ட்டுக்கு என்னிடம் இறகு வைத்த தலை, ஈட்டி என்று படம் கேட்கிறார்கள். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் அரசுப் பட்டியலில் பழங்குடி. பெயரைப் பார்த்து மலையாளம் பேசுவார்கள் என்று எழுதிவந்த ப்ராஜெக்டை நானே பிரிண்ட் போட்டிருக்கிறேன். அவர்கள் பேசுவது தமிழ், காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்கிற கதை. அந்த வீட்டுப் பிள்ளை ஒன்று உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்து அந்தச் சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மலைக்குக் கூட்டிப் போனால், படம் எடுக்கும் முன் கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.

அந்த ஃபோல்டரை அழித்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஜூலை, ஆகஸ்டில் கடை வாடகை அதில்தான் ஓடுகிறது. நீங்கள் தலைப்பை மாற்றினால் அது தானாகச் செல்லாக்காசாகிவிடும், பரவாயில்லை. கையால் எழுதி வருகிற ப்ராஜெக்டுக்கு ஸ்பைரல் நான் இலவசமாகப் போட்டுத் தருகிறேன். ஒன்று மட்டும்: கடைசித் தேதியைத் திங்கட்கிழமை வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, எல்லோரும் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்காரன்