அந்த உறையைத் திறந்து ஒரு படம் எடுங்கள்

உலகெங்கும் ஹெர்பேரியங்களை, அதாவது செடிகளை உலர்த்தித் தாள்களில் ஒட்டி வைக்கும் காப்பகங்களை, பொறுப்பில் வைத்திருக்கும் காப்பாளர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் உங்களில் ஒருவரிடமிருந்து எனக்கு இரண்டு வரிப் பதில் வந்தது. பதினான்கு மாதங்களில் நான் எழுதிய நான்கு மடல்களுக்கும் சேர்த்து வந்த ஒரே பதில் அது. "தாங்கள் கேட்ட தாளின் படம் எங்கள் இணையதளத்தில் உள்ளது. அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்" என்று இருந்தது. எந்தக் காப்பகம், யார் எழுதினார் என்று நான் சொல்லப்போவதில்லை. இதே பதிலை வேறு காப்பகங்களிலிருந்து வாங்கிய நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தப் படம் எனக்கு மனப்பாடம். தாளின் நடுவில் ஒரு சாண் உயரச் செடி, பழுப்பேறிப்போய், இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கிறது. வலது கீழ் மூலையில் சேகரித்தவரின் கையெழுத்துச் சீட்டு. அதற்கு மேல், இதுதான் டைப், அதாவது இந்தப் பெயருக்கான மூல மாதிரி, என்று காட்டும் சிவப்புப் பட்டை. இடது மேல் மூலையில் மடித்து ஒட்டிய சின்னக் காகித உறை. எனக்கு முன்னால் அந்தத் தாளைப் பார்த்த யாரோ ஒருவர் அதன் மேல் பென்சிலால் எழுதியிருக்கிறார்: பிரித்த பூ, ஒன்று. படத்தைப் பெரிதாக்கினால் அந்தப் பென்சில் எழுத்து பெரிதாகிறது. இன்னும் பெரிதாக்கினால் காகிதத்தின் நார் தெரிகிறது. உறை மூடியே இருக்கிறது. எனக்கு வேண்டியது அதற்குள் இருக்கிறது.

அந்தத் தாளில் இருப்பது ஒரு காசித்தும்பை. அந்தப் பேரினத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும்போது அவ்வளவு தெளிவான பூ, அழுத்தி உலர்த்தியதும் கசக்கிப் போட்ட ஈரப் பட்டுத்துணி மாதிரி ஆகிவிடும். பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர், 1911-இல் தமது 94-வது வயதில் இறக்கும்வரை, கடைசி ஆண்டுகளை இந்தச் செடிகளோடு மல்லுக்கட்டித்தான் கழித்தார். உலர்ந்த பூவைக் கொதிநீரில் ஒரு துளி சோப்புக் கரைசல் விட்டு ஊறவைக்க வேண்டும். நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் மெல்லப் பிரித்து, ஒட்டிப் பிறந்த பக்க இதழ்களைத் தனியே எடுத்து, அட்டையில் பரப்பிக் காயவைக்க வேண்டும். கை நடுங்கி ஒரு இதழ் கிழிந்தால் போயிற்று. அந்த வேலையை யாரோ ஒரு பொறுமைசாலி எப்போதோ செய்து முடித்துவிட்டார். மற்றவர்களும் பார்க்கட்டும் என்றுதான் அதை உறையில் போட்டு வைத்திருக்கிறார்.

நான் சேகரித்த செடியில், பக்க இதழின் அடியிலிருந்து நூல் போன்ற ஒரு வால் கிளம்பித் தேன்குழலுக்குள் இறங்குகிறது. நான்கு மில்லிமீட்டர் நீளம். அந்தத் தாளுக்குரிய பெயரின் பழைய லத்தீன் விவரணை ஆறே வரி; அதில் இந்த வாலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வால் இல்லாததால் எழுதவில்லையா, இருந்தும் கண்ணில் படாததால் எழுதவில்லையா? இதற்கு விடை அந்த உறைக்குள் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே வால் இருந்தால் என் செடிக்கு அந்தப் பழைய பெயரே பெயர். இல்லையென்றால் இது இதுவரை யாரும் பெயரிடாத சிற்றினம். இரண்டில் எது என்றாலும் எனக்குச் சம்மதம். தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

"சந்தேகத்தோடே வெளியிட்டுவிடு, பிறகு யாராவது திருத்துவார்கள்" என்று சொன்னவர்களும் உண்டு. அப்படி வெளியிட்டு வெளியிட்டுத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம். 2013-இல் உலகத் தாவரங்களுக்கென்று தொகுத்த பட்டியலில் 10,64,035 சிற்றினப் பெயர்கள் இருந்தன. ஏற்கப்பட்டவை 3,50,699. அதைவிட அதிகமானவை ஒரே செடிக்கு இன்னொரு முறை வைத்த பெயர்கள். மீதி 2,42,712 பெயர்களைப் பற்றி எந்த முடிவும் சொல்ல முடியவில்லை. அந்தக் குவியலில் இன்னொரு பெயரைக் கொண்டுபோய்ப் போட எனக்கு மனம் வரவில்லை. 1753-லிருந்து வைத்த பெயர்களில் மூத்ததுக்கே முன்னுரிமை என்று விதி இருக்கும்போது, மூத்த பெயரின் மூல மாதிரியைப் பார்க்காமல் இளைய பெயரை எப்படி வைப்பது?

விதி என்று பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1958 முதல், மூல மாதிரியைக் குறிப்பிடாத புதிய சிற்றினப் பெயர் செல்லாது. 1990 முதல், அது எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்றும் எழுதியாக வேண்டும். இந்த இரண்டில் எது குறைந்தாலும் எங்கள் பெயர் தள்ளுபடி. உங்களுக்கும் அதே தாவரப் பெயரிடல் விதித்தொகுப்பில் ஒரு வரி இருக்கிறது, 7ஏ. மூல மாதிரியை, உண்மையான ஆய்வாளர்களுக்குப் பார்வையிட இடம் தரும் பொதுக் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. ஆனால் அது பரிந்துரை. பெயர் வைக்கிறவனுக்குக் கட்டாயம், பெட்டியை வைத்திருக்கிறவருக்குப் பரிந்துரை. இந்த ஏற்றத்தாழ்வு பல வருடங்களாக என் நெஞ்சில் உறுத்துகிறது.

தாளைத் தபாலில் அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. 2017-இல் பாரிஸ் காப்பகம் பிரிஸ்பேனுக்கு இரவல் அனுப்பிய 105 தாள்களை, ஆவணம் சரியில்லை என்று ஆஸ்திரேலிய உயிரிப்பாதுகாப்பு அதிகாரிகள் அழித்த செய்தி எனக்கும் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாள்கள், மூல மாதிரிகளும் அவற்றில் இருந்தன. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தாள் உங்கள் அலமாரியிலேயே பத்திரமாக இருக்கட்டும். அந்த உறையைத் திறந்து, உள்ளே இருக்கும் அட்டையை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, பக்கத்தில் ஒரு அளவுகோலோடு படம் எடுங்கள். அதைத்தான் நான்கு மடல்களிலும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்.

ஆள் இல்லை என்பீர்கள். அதையும் நம்புகிறேன். பல லட்சம் தாள்களை இரண்டு மூன்று பேர் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் இருக்கின்றன. இதில் என் கோபம் உங்களைத் தாண்டிப் போகிறது. ஒரு மருந்தாய்வு, ஒரு மரபணு ஆய்வு, ஒரு காலநிலை ஆய்வு, எதை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே ஒரு செடியின் பெயர் இருக்கும். அந்தப் பெயரை நிலைநாட்டியவரின் கட்டுரையை மேற்கோள் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்காததால் அவருக்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாததால் நிதி இல்லை. நிதி இல்லாததால் ஹெர்பேரியத்தில் ஆள் இல்லை. வகைப்பாட்டைப் பழைய காலத்து வேலை என்று ஒதுக்கும் நிதிக்குழுக்கள், 2010-இல் வந்த ஓர் ஆய்வைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். புதிதாக விவரிக்கப்படும் பூக்கும் தாவரங்களில் ஏறக்குறைய கால்பங்கு, ஐம்பது வருடத்துக்கும் மேலாகத் தாளில் காத்துக் கிடந்தவை என்று அது காட்டியது. சேகரித்தவர் போய்விட்டார், சீட்டு மங்கிவிட்டது, செடி மட்டும் யாராவது வந்து பார்ப்பார்கள் என்று அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

சரி, இதையெல்லாம் உங்களிடம் கொட்டி என்ன பயன். நீங்களும் இதே வலியில் இருப்பவர்கள்தான்.

ஆனாலும் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். ஜே. பிரான்சிஸ் மேக்பிரைடு என்ற தாவரவியலாளர் 1929-இல் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்காக ஐரோப்பாவுக்குப் போய், பெர்லினில் தொடங்கி மூல மாதிரித் தாள்களை ஒவ்வொன்றாகப் படம் எடுக்க ஆரம்பித்தார். 1943 மார்ச்சில் குண்டு விழுந்து பெர்லின் ஹெர்பேரியம் எரிந்தது. பல சிற்றினங்களின் மூல மாதிரிக்கு இன்று மிஞ்சியிருக்கும் சாட்சி அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். பூட்டி வைப்பதையே பாதுகாப்பு என்று நம்பியிருந்தால் அதுவும் மிஞ்சியிருக்காது. அன்றைக்கு அந்தத் தாள்களில் ஒட்டியிருந்த உறைகளுக்குள் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

என் செடி ஒரே ஒரு பாறைச் சரிவில்தான் இருக்கிறது. நீர் கசியும் இடத்தில் மட்டும், நான் எண்ணியபோது அறுபத்தொரு செடிகள். மழை தொடங்கி ஐந்தாறு வாரம் பூக்கும், அப்புறம் அடுத்த வருடம்தான். உங்கள் பதிலுக்குக் காத்திருந்ததில் ஒரு பூக்கும் பருவம் முழுதாகப் போய்விட்டது. அந்தப் பாறைக்கு மேலே பாதையை அகலப்படுத்த அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். அழியும் நிலையில் உள்ள செடி இது என்று அவர்களிடம் போய்ச் சொன்னேன். "என்ன செடி?" என்று கேட்டார்கள். சொல்ல என்னிடம் பெயர் இல்லை. பெயரில்லாத செடிக்கு, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் இடம் கிடைப்பதும் அரிதிலும் அரிது.

ஆகவே தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். மூல மாதிரித் தாள்களை இனிப் படம் எடுக்கும்போது, ஒட்டியிருக்கும் உறையைத் திறந்து உள்ளிருப்பதையும் படம் எடுங்கள். ஏற்கெனவே எடுத்து முடித்தவற்றில், யாராவது கேட்டால் அந்த ஒன்றையாவது திறந்து பாருங்கள். முடியாது என்றால் ஒரு மாதத்துக்குள் முடியாது என்று எழுதுங்கள். நாங்கள் கடன் வாங்கியாவது பயணப்பட்டு வந்து உங்கள் மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறோம்.

எனக்குப் பதில் எழுதிய அந்தக் காப்பாளர் இதைப் படித்தால், அவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. தாளின் எண் என் நான்கு மடல்களிலும் இருக்கிறது. உறை இடது மேல் மூலையில் இருக்கிறது, ஐயா. அடுத்த பூக்கும் பருவத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

மரியாதையுடன்,
காசித்தும்பைகளைத் தேடித் திரியும் ஓர் ஆய்வாளன்