பீரோவில் பத்திரமாகத் தூங்கும் வாட்சைப் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பழுது பார்க்க வரும் விலை உயர்ந்த வாட்சுகளைப் பிரிக்கும்போது ஒன்று அடிக்கடி கண்ணில் படுகிறது. தினமும் கட்டியவை கீறலோடு வருகின்றன. பத்திரமாக எடுத்து வைத்தவைதான் பல நேரம் உள்ளே கெட்டுப் போய் வருகின்றன. அதனால்தான் இந்த மடல்.

பெரும்பாலும் காரணம் ஈரம். வாட்சைக் கழற்றியதும் பெட்டியில் போட்டு மூடினால், பின்மூடியிலும் பட்டையிலும் ஒட்டிய வியர்வையும் சேர்ந்தே உள்ளே போகிறது. தோல் பட்டையில் பூஞ்சை பிடிக்கும். வியர்வை உப்பு தங்கிய இடுக்குகளில் எஃகுகூட மெல்ல அரிக்கும். மென்மையான துணியால் துடைத்து, ஓர் இரவு காற்றாட வைத்துவிட்டு அப்புறம் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். அதையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். வாட்சோடு வந்த அழகான பெட்டிதான் எப்போதும் நல்லது என்று நினைக்க வேண்டாம். பழைய பெட்டிகளின் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் வருடக்கணக்கில் மக்கி, பிசுபிசுவென்று வாட்சில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அடுத்தது காந்தம். இரவில் ஸ்பீக்கர் மேலோ, காந்த மூடி உள்ள டேப்லெட் உறை மேலோ வைத்த வாட்ச், காலையில் திடீரென்று வேகமாக ஓடலாம். உள்ளே முடி போல மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங் காந்தமேறி, அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருளின் நீளம் குறைந்தது போலாகி, முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் வேகமாக ஆடும். பயப்பட வேண்டாம், காந்தம் நீக்கும் கருவியில் சில நொடிகளில் சரியாகிவிடும். திசைகாட்டி ஒன்றை அருகில் கொண்டு போய்ப் பாருங்கள். முள் துள்ளினால் எங்களிடம் கொண்டு வாருங்கள்.

கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்சுக்கு, அது நிற்காமல் சுழற்றிக்கொண்டே இருக்கும் பெட்டி அவசியமா என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் கருத்தில், தேவையில்லை. கழற்றி வைத்தால் பெரும்பாலானவை 40 மணி நேரத்துக்கு மேல் ஓடி நிற்கும். நிற்பதால் கேடு ஒன்றுமில்லை. மாதம் ஒரு முறை சாவி கொடுத்துச் சிறிது நேரம் ஓட விட்டால் போதும். மாதத்தின் நாட்களையும் லீப் வருடத்தையும் தானே கணக்கிடும் பெர்பெச்சுவல் காலண்டர் வாட்ச் என்றால் பேச்சே வேறு. அது நின்றால் நாள், மாதம், வருடம் எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருக்கும் என்பதால் அதற்குச் சுழற்றும் பெட்டி வாங்கலாம்.

நின்ற வாட்சை எடுத்துக் கட்டும்போதுதான் பலர் தவறு செய்கிறார்கள். முள் இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் இருக்கையில் முள்ளைச் சுற்றாமல் தேதியை மட்டும் நேராக மாற்றினால், தேதி மாற்றும் பற்சக்கரம் உடையக்கூடும். முதலில் முள்ளை முன்னோக்கி நகர்த்துங்கள். தேதி மாறியதும் அது நள்ளிரவு என்று தெரிந்துவிடும். காலை 6 மணி வரை கொண்டு போய்விட்டு, பிறகு தேதியை வையுங்கள்.

செல்லில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள். செல் தீர்ந்தால் அதை உள்ளேயே விட்டுவிடாதீர்கள். கசிந்தால் இயந்திரம் முழுவதையும் மாற்ற வேண்டி வரலாம். செல் மாற்றும்போது, தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடிகாரக் கடையினர்