பந்தை ஏந்தி ஓடியிருக்கலாமே

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கால்பந்து என்றாலே மோதலையும் தோள்பலத்தையும் மட்டும்தான் எழுதுகிறீர்கள், சரி, ஆனால் தாக்குதல் ஆட்டத்தில் பாதி வேலை மைதானத்துக்கு வரும் முன்பே தாளில் முடிந்துவிடுகிறது என்பதை யாராவது சொல்ல வேண்டாமா? 1980களில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்த பில் வால்ஷ், ஆட்டத்தின் முதல் 15 தாக்குதல் நகர்வுகளை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார். தன் வீரர்கள் நிற்கும் எந்த அமைப்புக்கு எதிரணி எப்படி அசைகிறது என்று அதிலேயே வேவு பார்த்துவிட்டு, அப்புறம் அதே தோற்றத்தில் வேறொன்றை ஆடுவது.

திட்டத்தை எப்போது ஓரமாக வைப்பது என்றும் தெரிய வேண்டும். 2017 சூப்பர் பவுலில், அதாவது அந்த ஆட்டத்தின் சாம்பியன் கோப்பைக்கான இறுதிப் போட்டியில், நியூ இங்கிலாந்து அணிக்கு எதிராக ஒரு கட்டத்தில் 28-3 என்று முன்னிலையில் இருந்த அட்லாண்டா, கடைசி ஐந்து நிமிடத்துக்குள், 28-20 என்ற நிலையில், எதிரணியின் 22 யார்டு கோட்டருகே நின்றது. பந்தை ஏந்தி ஓடி, நேரத்தைக் கரைத்து, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கும் ஒரு ஃபீல்டு கோல் அடித்திருந்தால் 11 புள்ளி வித்தியாசம், கிட்டத்தட்ட கோப்பையே கையில்! தாக்குதல் பயிற்சியாளர் கைல் ஷானஹனோ பந்தை எறிந்து பாஸ் ஆடச் சொன்னார். பந்தை எறிய வேண்டிய குவார்ட்டர்பேக் மேட் ரையன் 12 யார்டு பின்னால் வீழ்த்தப்பட்டார், அடுத்து ஒரு விதிமீறலுக்குத் தண்டனையாக அணி இன்னும் பின்னால் தள்ளப்பட்டது, கோல் உதைக்கும் தூரமே போய்விட்டது. கூடுதல் நேரத்தில் நியூ இங்கிலாந்து 34-28 என்று வென்றது.

அடுத்த சூப்பர் பவுல் செய்தியில் ஸ்கோரோடு இப்படி நாலு வரியும் போடுங்கள்.

இப்படிக்கு,
விளையாட்டுப் பக்க வாசகன்