குளவியின் வயது

அன்புள்ள முருகேசனுக்கு,

நலம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே.

நான் இன்னும் கலிபோர்னியாவில் அதே குளவி வளர்ப்புக் கூடத்தில்தான் இருக்கிறேன். பூசணிக்காய் மேல் அரளிச் செதில் பூச்சியை வளர்த்து, அதில் அஃபைட்டிஸ் மெலினஸ் குளவியைப் பெருக்கி ஆரஞ்சு, எலுமிச்சைத் தோப்புகளுக்கு அனுப்புகிறோம். செதில் பூச்சி என்றால், ஒரு மூடிக்கு அடியில் ஒட்டிக்கொண்டு செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி. குளவி அதன் மேல் முட்டையிடும், பிறக்கும் புழு அதைத் தின்றுவிடும். 1950-களில் பூச்சியியலாளர் பால் டிபாக் இந்தியா, பாகிஸ்தானிலிருந்து இங்கே கொண்டுவந்த குளவி இனம் இது. ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், மஞ்சள் நிறம். அதனிடம் எனக்குத் தனிப் பாசம் உண்டு.

வயதான குளவியைத் தோப்பில் விட்டால் பயன் உண்டா என்று கேட்டிருந்தாய். முதலில் ஒன்று சொல்கிறேன். பிறந்த உடனே விட்டாலும் பயன் குறைவுதான். கூட்டை விட்டு வரும்போது அதன் வயிற்றில் முற்றிய முட்டை கொஞ்சமே இருக்கும். மீதியெல்லாம் பிறகு சாப்பிடுவதை வைத்துத்தான் உருவாக வேண்டும். தேன் கொடுத்தால் வாரக்கணக்கில் வாழும், இல்லாவிட்டால் சில நாட்களில் செத்துவிடும். ஆனால் முட்டைக்குத் தேன் மட்டும் போதாது, புரதம் வேண்டும். அதற்காகச் சில செதில் பூச்சிகளை முட்டையிடும் ஊசியால் குத்தி, கசியும் நீரை உறிஞ்சிக் குடிக்கும். அந்தப் பூச்சியும் செத்துப்போகும். உழவருக்கு அதுவும் லாபம்தான்.

ஒரு முறை எங்கள் பெட்டி வழியில் மூன்று நாள் தங்கிவிட்டது. உள்ளே தேன் இருந்ததால் குளவிகள் உயிரோடுதான் இருந்தன. சிலவற்றை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். சினைப்பை காலி! முட்டையிடச் செதில் கிடைக்காததால், முற்றிய முட்டைகளைத் தன் உடம்புக்குள்ளேயே கரைத்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. அன்று எனக்கு வருத்தத்தைவிட வியப்புதான் அதிகம். மூன்று நாளில் அவை கிழடாகிவிடவில்லை. மறுபடி செதில் பூச்சி கிடைத்தால் மறுபடி முட்டை வரும்.

உண்மையான முதுமை அதற்கப்புறம்தான். நாளுக்கு நாள் முட்டை குறையும். சேர்த்து வைத்த விந்து தீர்ந்துபோனால், கருவுறாத முட்டைகளிலிருந்து ஆண்கள் மட்டுமே பிறக்கும். அதனால்தான் நாங்கள் ஒரு நாள் தேன் கொடுத்து, இணைசேர விட்டு, பிறகே அனுப்புகிறோம்.

உன் எலுமிச்சையில் சிவப்புச் செதில் இருந்தால், மூடியை ஊசியால் நெம்பிப் பார். உள்ளே இந்தக் குளவியின் மஞ்சள் கூட்டுப்புழுவும் பக்கத்தில் கறுப்பு எச்சத் துகள்களும் தெரிந்தால் உடனே எனக்கு எழுது. மருந்து மட்டும் அடித்துவிடாதே.

அன்புடன்,
சுந்தரம்