அந்த அம்மாவுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை

ட்ரொம்சோ, நோர்வே
ஜூன் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் உடனே பிரிக்கத் துணிவு வரவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். தம்பியின் போனுக்கு ஒரு படத்தை அனுப்பிவிட்டு அதோடு இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் நலம். அங்கே அப்பா, சின்னவள், தம்பி, ஆச்சி எல்லோரும் நலமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

அந்தப் படத்தில் பனிக்குவியலுக்குப் பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் கிடக்கும் வெள்ளைக்கார அம்மாவுக்கு என்ன வருத்தம், ஏன் அவரை உடுப்பில்லாமல் வெளியே கிடத்தியிருக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, அம்மா. அவர் வெய்யில் காய்கிறார். நாங்கள் ஒடியல் காயப்போடுவதுபோல, ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் திரும்புகிறார்.

அவர் பக்கத்து வீட்டுக்காரர். வயது 74. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம்வரை என்னோடு ஒரு சொல் பேசியதில்லை. இந்த வருடம் ஒருநாள் நான் வாசலில் பனியை வழித்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அப்பால் நின்று, "சுவருக்கு வெய்யில் வந்துவிட்டது, நீயும் வா" என்றார். அவருடைய மரவீட்டின் தெற்குச் சுவருக்குப் பின்னால் காற்றுப் படாது. வெளியே குளிர் பூச்சியத்தில் நிற்கும்போதும் அந்தச் சுவரோடு முதுகை ஒட்டி இருந்தால் பலகையின் சூடு ஏறும். அன்று முதல் நான் வேலை இல்லாத பகல்களில் அங்கேதான்.

இந்த ஊருக்கு வெய்யில் என்றால் என்ன என்று உங்களுக்கு எழுத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதிவரை எழும்புவதே இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு நீல வெளிச்சம் கொஞ்சம் வரும், பிறகு இருட்டு. ஜனவரி 21ஆம் தேதியைச் சூரியன் திரும்பும் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று எல்லோரும் எண்ணெயில் பொரித்த, உள்ளே ஜாம் வைத்த ஒரு பணிஸ் சாப்பிடுகிறார்கள். அதற்குச் சூரியப் பணிஸ் என்றே பெயர். தைப்பொங்கல் முடிந்து ஒரு கிழமையில் இந்த மனிதர்களும் தங்கள் வழியில் சூரியனுக்கு ஏதோ படைக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. இப்போது நேர்மாறு. மே 20 அளவில் தொடங்கி ஜூலை 22 வரை சூரியன் மறையாது. நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வரும்போதும் வெய்யில், போகும்போதும் வெய்யில்.

டீச்சரம்மா (நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன், அவருக்கும் பிடித்துவிட்டது) இந்த வெய்யிலைக் கணக்குப் பார்த்துத்தான் எடுக்கிறார். அவரிடம் ஒரு பள்ளிக் கொப்பி இருக்கிறது. கோடு போட்டு, தேதி, அன்றைய வெய்யிலின் கடுமையைக் காட்டுகிற புற ஊதாக் கதிரின் எண், முன்பக்கம் எத்தனை நிமிடம், பின்பக்கம் எத்தனை நிமிடம் என்று எழுதுகிறார். முட்டை அவிக்க வைக்கிற சின்ன மணிதான் அவருக்குக் கடிகாரம். அந்த எண் 3க்குக் கீழே என்றால், வெய்யில் தோலை எரிக்காமல் இருக்கப் பூசுகிற பூச்சு இல்லாமல் இருப்பார், பனி இல்லாத நாட்களில் மட்டும். 3க்கு மேலே போனால் பூச்சு, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. முதல் நாள் பக்கத்துக்குப் பத்து நிமிடம். அடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். தோல் சிவந்துவிட்டால் அந்தக் கிழமை முழுவதும் நிழல்தான்.

ஒரே நாளில் நிறைய நேரம் கிடந்தால் விரைவாகப் பழுப்பாகலாம்தானே என்று கேட்டேன். சிரித்துவிட்டு வாத்தியார் முகத்தோடு விளக்கினார். வெய்யிலில் இருந்து எழும்பிய உடனே தெரிகிற கறுப்பு, தோலில் ஏற்கெனவே இருந்த நிறம் இருண்டு தெரிவதுதான், அது நிற்காது. நிற்கிற நிறத்தைத் தோல் புதிதாகச் செய்யவேண்டும், அதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதற்குள் அவசரப்பட்டுக் கிடந்தால் தோல் வெந்து உரிந்துபோகும், செய்த நிறமும் அதோடு போகும். புட்டுக்கு ஆவி வரும்வரை பொறுத்திருக்க மாட்டாயா என்று கேட்பார். நான் ஒருநாள் அவித்துக் கொடுத்த புட்டை இன்னும் மறக்கவில்லை.

பூச்சிலும் கணக்கு. 30 என்று போட்ட போத்தல் எரிக்கிற கதிரில் நூற்றுக்கு 97 பங்கைத் தடுக்கும், 50 என்று போட்டது 98. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் குறைவாகப் பூசினால் எந்த எண்ணும் பிரயோசனம் இல்லை என்கிறார். அதனால் தேக்கரண்டியால் அளக்கிறார். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒன்று, ஒவ்வொரு கைக்கும் காலுக்கும் ஒவ்வொன்று, முன்பக்கத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. வெளியே வருவதற்கு இருபது நிமிடம் முன்பே பூசவேண்டும், இரண்டு மணிக்கொருதரம் திரும்பவும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம்வரை திருப்பி எறியும் என்பதால் மூக்கின் அடிப்பக்கத்துக்கும் நாடிக்குக் கீழேயும் பூசுகிறார். எனக்கு வேண்டியதையும் அவர் தன் போத்தலிலிருந்தே தருகிறார், நான் தனியாக வாங்கவேண்டியதில்லை.

முதுகுக்கு நான்தான் பூசிவிடுகிறேன், அவருக்குக் கை எட்டாது. இடது தோள்பட்டைக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. முதல் நாள் என் கை அதில் பட்டபோது அவர் மூச்சை நிறுத்திக்கொண்டார். தழும்பின் குழியில் பூச்சு வெள்ளையாய்த் தேங்கி நின்றது, நான் மெதுவாகத் தேய்த்துவிட்டேன். அதன் பிறகுதான் சொன்னார். இளமையில் குளிர்காலம்தோறும் தெற்குத் தீவுகளுக்குப் போய், எண்ணெய் பூசி, தோல் உரியும்வரை கிடந்திருக்கிறார். ஊருக்கு வந்தால் மின்விளக்குப் பெட்டிக்குள் படுத்து நிறத்தைக் காப்பாற்றியிருக்கிறார். பிறகு முதுகில் ஒரு மச்சம் ஓரம் கோணலாகி, நிறம் மாறி, பெருத்தது. அதுதான் மெலனோமா என்கிற தோல் புற்றுநோய். நேரத்தோடு கண்டு வெட்டி எடுத்ததால் பிழைத்தார். அந்த நோய் உலகிலேயே அதிகமாக வருகிற நாடுகளில் நோர்வேயும் ஒன்று. அந்த மின்விளக்குப் பெட்டியை 2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புகையிலையோடு ஒரே வரிசையில் வைத்தது. இங்கே பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அதற்குள் விடுவதில்லை.

இவ்வளவும் பட்டவர் ஏன் இன்னும் வெய்யிலில் கிடக்கிறார் என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். ஆபத்தே இல்லாத பழுப்பு என்று ஒன்று கிடையாது, பழுப்பு என்பதே தோல் அடிபட்டுத் தன்னைக் காக்கப் பார்க்கிறதன் அடையாளம் என்று வைத்தியர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். தழும்பை மூடிக்கொண்டு, குறைத்து, கணக்கு வைத்து எடுக்கிறார். கோடையில் கை கொஞ்சம் நிறம் மாறினால் இன்னொரு இருட்டைக் கடந்துவிட்டேன் என்று தோன்றுகிறதாம். அந்த ஆசையை எனக்குக் குறை சொல்ல மனம் வரவில்லை.

படத்தில் நான் கறுத்துத் தெரிவதும் அந்தச் சுவரடியில் இருந்ததால்தான். குளிர்காலத்தில் எனக்கு முழங்காலும் இடுப்பும் உளைந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, யோசிக்கவேண்டாம். வைத்தியர் இரத்தம் பார்த்து வைட்டமின் டி குறைவு என்றார். நம் தோல் எரிவதற்கு நேரம் பிடிக்கும், அந்த வைட்டமினைச் செய்யவும் அதேபோல நேரம் பிடிக்கும். ஒக்டோபர் முதல் மார்ச்வரை இங்குள்ள வெய்யிலில் அது கிடைப்பதே இல்லை. அதனால் தினமும் மீனெண்ணெய் ஒரு கரண்டி. சின்ன வயதில் மூக்கைப் பிடித்து நீங்கள் பருக்கிய அதே சாமான்தான், இங்கே எலுமிச்சை வாசத்தோடு விற்கிறார்கள். பெயரில் 'ர்' வருகிற மாதங்களில் குடிக்கவேண்டும் என்பது இவர்களுடைய பழைய வழக்கம், செப்டெம்பரில் தொடங்கி ஏப்ரல்வரை. கோடையில் வெய்யில்.

அப்பாவுக்கு ஒன்று சொல்லுங்கள், கேட்டுச் சந்தோசப்படுவார். ஆளின் நிழல் ஆளைவிடக் குட்டையாக இருந்தால் வெய்யில் கடுமை, நிழலுக்குப் போ என்று டீச்சரம்மா ஒரு விதி சொல்கிறார். ஆனால் இந்த ஊரில் ஆனி மாதத்து நண்பகலில்கூட நிழல் ஆளைவிடக் குட்டையாவதில்லை. நான் அளந்து பார்த்தேன். எங்கள் ஊரில் சித்திரைப் பிறப்பை ஒட்டிச் சூரியன் உச்சிக்கு நேர்மேலே நிற்கும், நிழல் காலடிக்குள் போய்விடும். புற ஊதாக் கதிரின் எண் இங்கே கோடையில் 4 வந்தாலே பெரிது, அங்கே 11, 12. அந்த வெய்யிலில்தான் அப்பா நாற்பது வருடமாக வெங்காயத்துக்கு இறைக்கிறார், தலையில் ஒரு துவாயோடு. அகலமான தொப்பி ஒன்றைத் தம்பியை வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். பதினொரு மணிக்குள் தோட்டத்தை விட்டு வரச் சொல்லுங்கள். கறுத்த தோல் என்று முழுதாகப் பயமற்று இருக்கவும் கூடாதாம், நம்மவர்களுக்கு அந்த நோய் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும். அவர் வெறுங்காலோடு நடப்பவர். கிழமைக்கு ஒருதரம் நீங்களே காலைக் கழுவிப் பாருங்கள், கறுப்பாக ஏதும் வளர்ந்தால் விடவேண்டாம்.

போன சனிக்கிழமை சுவரடியில் கண்ணை மூடி இருந்தேன். இமைக்குள் சிவப்பாய் இருந்தது, முகத்தில் சூடு. திடீரென்று ஒரு கடற்பறவை கத்தியது. நான் "ஊய்" என்று கையை வீசி எழும்பிவிட்டேன். மிளகாய்ப் பாயில் காகம் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன், அம்மா. பாயின் ஓரத்தில் ஆச்சி, கையில் பூவரசந்தடி, கிணற்றடியில் நீங்கள் உடுப்புக் கும்முகிற சத்தம். எல்லாம் ஒரு கணம் அப்படியே இருந்தது. கண்ணைத் திறந்தால் பனிமலை. டீச்சரம்மா ஒன்றும் கேட்கவில்லை. முட்டை மணியைத் திருப்பி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் கடிதத்தை அதன் பிறகுதான் பிரித்தேன்.

வீட்டு விஷயங்களுக்கு வருகிறேன். சின்னவளுக்கு வெளுக்கிற கிறீம் இங்கிருந்து அனுப்பச் சொல்லி எழுதியிருந்தீர்கள். அனுப்ப மாட்டேன், கோபிக்கவேண்டாம். அங்கே சந்தையில் விலாசம் இல்லாத போத்தலில் விற்கிறதையும் வாங்க விடாதீர்கள். அவற்றில் பாதரசம் கலந்திருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவள் தேசிக்காய்ப்புளி பூசிக்கொண்டு ரியூஷனுக்குப் போகிறாள் என்று தம்பி சொன்னான். உடனே நிறுத்தச் சொல்லுங்கள். தேசிக்காய்ச் சாறு தோலில் இருக்க வெய்யில் பட்டால் கொப்புளிக்கும், தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். நிறத்தைக் கேட்கிற மாப்பிள்ளை வீட்டார் நிறத்தோடு நிற்க மாட்டார்கள். பிள்ளை படித்து முடிக்கட்டும்.

வளவுக்கு வடக்குப் பக்க வேலியைப் பெரியப்பா ஒரு முழம் தள்ளிப் போட்டதைப் பற்றி அப்பா சண்டைக்குப் போகவேண்டாம். பழைய உறுதி ஆச்சியின் பெட்டகத்தில் இருக்கிறது, தம்பி எடுத்துப் பிரதி பண்ணி வைக்கட்டும். மாமா வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

அப்பாவின் கண்புரை ஒப்பரேஷனுக்குத் தேதி கிடைத்ததும் எழுதுங்கள். வெய்யில் கண்ணுக்கும் கெடுதல், அதைப் பின்போட வேண்டாம். பணத்தை இந்த மாதம் பாதியும் ஆடியில் மீதியும் அனுப்புகிறேன். கூரை ஓட்டுக்கு மட்டும் கார்த்திகைவரை பொறுங்கள். மீன் தொழிற்சாலையில் இந்தப் பருவத்தில் வேலை குறைவு, அதனால் உங்கள் மருமகன் கொஞ்ச நாளாக வீட்டில் இருக்கிறார். நன்றாக ஆறட்டும். நான் ஞாயிற்றுக்கிழமை வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன், சும்மா இருந்தால் நேரம் போவதில்லை.

படத்தில் தாலிக்கொடியைக் கழுத்தில் காணவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இந்தப் பூச்சு பட்டால் பொன் மங்கிவிடும் என்று கழற்றி வைத்தேன். பத்திரமான இடத்தில் இருக்கிறது. இதைப் பற்றி மாமியிடம் பேச்செடுக்க வேண்டாம்.

மிளகாய்த்தூள் முடிகிறது. மாமாவின் மகன் ஆவணியில் ஒஸ்லோவுக்கு வருகிறானாம், அவனிடம் இரண்டு கிலோ கொடுத்துவிடுங்கள். வெய்யிலில் காயவைத்ததாகப் பார்த்து இடியுங்கள்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகள்